கடிகாரத்தின் குரலில் ஒரு தாய்

லிவர்பூல் நகரத் தெருமுனையில் ஒரு தொலைபேசிக் கூண்டு. அதனுள் நின்றுகொண்டு பதினாறு வயதுப் பெண்ணொருத்தி தன் தாயோடு பேசுகிறாள். அன்று நடந்தது, யார் தன்னைப் பாராட்டியது, யார் மீது தன் மனம் சென்றது என அனைத்தையும் ஒளிவின்றிச் சொல்கிறாள். மறுமுனையில் தாய் என்ன மறுமொழி கூறுகிறாள் என்பது நமக்குக் கேட்பதில்லை. படம் முடியும் தறுவாயில்தான் அக்குரல் நம் செவியில் விழுகின்றது. அது மணி சொல்லும் குரல். இத்தனை மணி, இத்தனை நிமிடம், இத்தனை நொடி என்று ஓயாது ஒலிக்கும் தொலைபேசித் துறையின் பேசும் கடிகாரம். நாடளாவிய குரல் போட்டியொன்றில் வென்று, அக்கடிகாரத்திற்குக் குரல் கொடுத்தவள் அப்பெண்ணின் தாய். மகளைக் கைக்குழந்தையாகவே விட்டுச் சென்றவள். மகளுக்கு அவளிடமிருந்து எஞ்சியது நேரம் ஒன்றுதான்.

முடிவை முதலிலேயே உடைத்துவிட்டோமே என வாசகர் வருந்த வேண்டா. முடிவை அறிந்த பின்னரே முறையாகப் பார்க்கக்கூடிய படங்கள் சில உண்டு. மைக் நியூவெல் இயக்கி 1995இல் வெளிவந்த 'ஆன் ஆஃபுலி பிக் அட்வென்ச்சர்' அத்தகையது. முதன்முறை பார்த்தபோது, கதையின் திடீர்த் திருப்பமே படத்தின் உயிர் என எண்ணினோம். அண்மையில் மீண்டும் பார்க்க நேர்ந்தது. அந்த எண்ணம் தவறு என்பது தெளிவாயிற்று. எவ்வகையில் தவறு என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இயக்குநர் நியூவெல் அதற்கு முந்திய ஆண்டில்தான் 'ஃபோர் வெட்டிங்ஸ் அண்ட் எ ஃப்யூனரல்' என்னும் நகைச்சுவைப் படத்தால் உலகப் புகழ் அடைந்திருந்தார். அதன் நாயகன் ஹ்யூ கிராண்ட் இதிலும் நடித்திருந்தமையால், இன்னொரு சிரிப்புப் படத்தை எதிர்பார்த்துத் திரையரங்கு சென்றவர்கள் பலர். அவர்கள் ஏமாந்தனர். முதல் அரைமணி நேரம் சிரிக்க வைக்கவே செய்கின்றது. அச்சிரிப்புக்கு நாம் பின்னர் வெட்க நேரிடும் என்பதை அப்போது அறியோம்.

கதை பெரில் பெயின்பிரிட்ஜ் 1989இல் எழுதிய நாவலிலிருந்து பிறந்தது. அந்நாவல் 1990இல் புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. பெயின்பிரிட்ஜ் லிவர்பூலில் பிறந்தவர். பதின்பருவத்திலேயே அந்நகரின் பிளேஹவுஸ் அரங்கில் எடுபிடி வேலைக்கும் சிறு வேடங்களுக்குமாகச் சேர்ந்தவர். 1911இல் ரெப்பர்ட்டரி அரங்காகத் தொடங்கப்பட்டது அது. ஒரே குழுவினர் ஒரே மேடையில் சில வாரங்களுக்கு ஒரு புதிய நாடகத்தை நடத்துவதே அம்முறை. இரவில் ஒரு நாடகம் நடந்துகொண்டிருக்கும். பகலில் அடுத்ததற்கு ஒத்திகை நடக்கும். வண்ணம் உலராத திரைச்சீலையும், பழைய உடையைப் பிரித்துத் தைத்த புதிய உடையும், பாடம் மறந்த நடிகருக்குத் திரைமறைவிலிருந்து அடியெடுத்துக் கொடுக்கும் சிறுமியுமாக அவ்வுலகம் சுழலும். பெயின்பிரிட்ஜ் அதை உள்ளிருந்து கண்டவர். ஆதலின் அவர் எழுத்தில் மேடையைப் பற்றிய மயக்கமும் இல்லை, வெறுப்பும் இல்லை.

காலம் 1947. போர் முடிந்து இரண்டு ஆண்டுகள் ஆகியும் அமைதி இன்னும் வீடுகளுக்குள் வந்து சேரவில்லை. லிவர்பூலும் அதன் சுற்றுப்புறமும் போர்க்காலக் குண்டுவீச்சில் ஏறத்தாழ 4,000 உயிர்களைப் பறிகொடுத்தவை. 1941 மே மாதத்தின் முதல் வாரத்தில் மட்டும் தொடர்ந்து ஏழு இரவுகள் குண்டு விழுந்தது. போர்க்காலத்தில்கூடப் பங்கீட்டுக்கு உட்படாத ரொட்டி, போர் முடிந்தபின் 1946இல் பங்கீட்டுக்கு வந்தது என்பது வரலாற்றின் கேலி. படம் பெரும்பாலும் டப்ளின் நகரில் எடுக்கப்பட்டது. எனினும் அந்த ஈரமும் கரியும் குளிரும் லிவர்பூலுடையவை என்றே நம்ப முடிகின்றது. யாருடைய அறையிலும் போதிய வெளிச்சம் இல்லை. எல்லாருடைய மேலாடையும் சற்றுப் பழையது. குழுவில் உள்ள ஆண்களில் பலர் போரிலிருந்து திரும்பியவர்கள். அவர்கள் எங்கிருந்து திரும்பினார்களோ அங்கேயே தங்கள் நெஞ்சின் ஒரு பகுதியை விட்டுவந்தவர்கள்போல் நடமாடுகிறார்கள்.

இவர்களிடையே வந்து சேர்கிறாள் ஸ்டெல்லா. தாய் விட்டுச் சென்ற அவளை வளர்த்தவர்கள் மாமா வெர்னனும் அத்தை லில்லியும். தங்கும் விடுதி ஒன்றை நடத்தும் எளிய மனிதர்கள். மலிவுப் பொருள் அங்காடியில் விற்பனைப் பெண்ணாக அவள் நின்றுவிடக் கூடாது என்பதற்காக, வெர்னன் அவளுக்குப் பேச்சுப் பயிற்சி அளித்து, தெரிந்தவர்களைப் பிடித்து, நாடகக் குழுவில் சேர்த்து விடுகிறார். ஆலுன் ஆம்ஸ்டிராங் ஏற்றுள்ள இவ்வேடம் விமரிசகர்கள் அதிகம் பேசாத ஒன்று. நம் மனத்தில் நிலைத்தது இதுவே. அன்பைச் சொல்லத் தெரியாத மனிதர். சொல்ல வேண்டிய உண்மையையும் சொல்லாத மனிதர். பிள்ளையின் தாயைப் பற்றி அவ்வீட்டில் பேச்சில்லை. பிள்ளைக்கு வலிக்குமே என்று மறைக்கும் பெரியவர்களை நாம் ஒவ்வொரு பங்கிலும் கண்டிருக்கிறோம். மறைத்ததால் வலி குறைந்ததாகக் கண்டதில்லை.

குழுவின் இயக்குநர் மெரடித் பாட்டர். ஹ்யூ கிராண்ட் இவ்வேடத்தில் காட்டும் துணிவு பாராட்டத்தக்கது. தம்மை உலகம் விரும்பக் காரணமான அந்தத் தயங்கிய புன்னகையைக் கழற்றி வைத்துவிட்டு, நிக்கோட்டின் கறைபடிந்த விரல்களோடும் ஒற்றைக்கண் கண்ணாடியோடும் ஓர் இழிந்த மனிதரை நம்முன் நிறுத்துகிறார். மெரடித் அறிவாளி. நாவன்மை உடையவர். அவருடைய ஒவ்வொரு சொல்லும் ஒருவரைக் குத்தும். சுற்றியிருப்போர் சிரிப்பார்கள். அடுத்த குத்துத் தங்கள்மீது விழாதிருக்கவே அச்சிரிப்பு. ஸ்டெல்லா அவர்மீது காதல் கொள்கிறாள். அவர் ஆண்களையே நாடுபவர் என்பதை அவள் உணரவில்லை. அவரோ அதை வேடிக்கை பார்க்கிறார். டான் ஆலன்பி என்னும் வயது முதிர்ந்த நடிகையை, அவள் கெஞ்சக் கெஞ்ச, குழுவிலிருந்து நீக்குகிறார். அவள் தற்கொலைக்கு முயல்கிறாள். குழு ஒரு நாள் அதிர்ச்சியடைகின்றது. மறுநாள் ஒத்திகை தொடர்கின்றது.

இங்கு ஒரு தெளிவு தேவை. மெரடித்தின் தீமையை அவருடைய பால்நாட்டத்தோடு இணைத்துப் பார்க்கும் எளிய வழி ஒன்று உண்டு. படமும் சில இடங்களில் அவ்வழியே வழுக்குகின்றது என்பது நம் குறை. அவருடைய பாவம் யாரை விரும்பினார் என்பதில் இல்லை. வேலையும் வாய்ப்பும் புகழ்ச்சியும் தம் கையில் இருப்பதால், தம்மை மறுக்க இயலாத இளைஞர்களைத் தேர்ந்தெடுத்துப் பயன்படுத்தி எறிந்தார் என்பதில் இருக்கின்றது. ஜெஃப்ரி என்னும் இளைஞன் அவ்வாறு எறியப்பட்டவன். உல்லாசப் பயணம் ஒன்றின்போது அவன் தாங்க மாட்டாமல் மெரடித்தின் முகத்தில் குத்தி விடுகிறான். எல்லாரும் ஓடிச்சென்று தேற்றுவது குத்து வாங்கியவரை அன்று, குத்தியவனை. அந்தக் கணத்தில் குழுவினர் அனைவருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது என்பது நமக்குப் புலனாகின்றது. அறிந்தே இருந்தார்கள். பேசாதிருந்தார்கள்.

இக்குழு கிறிஸ்துமஸ் காலத்துக்கென மேடையேற்றும் நாடகம் 'பீட்டர் பான்'. ஜே. எம். பாரியின் அந்நாடகம் 1904 டிசம்பர் 27 அன்று லண்டனில் முதலில் நடிக்கப்பெற்றது முதல், ஆங்கிலேயக் குழந்தைகளின் கிறிஸ்துமஸ் விருந்தாகவே இருந்து வருகின்றது. வளர மறுத்த சிறுவனின் கதை என்று அதை எல்லாரும் அறிவர். பாரியின் அண்ணன் டேவிட், பதினான்கு வயது நிறையுமுன் பனிச்சறுக்கு விபத்தில் இறந்தான். துயரில் ஆழ்ந்த தாயைத் தேற்ற, இறந்த அண்ணனின் உடையை அணிந்து அவள்முன் நின்றவர் சிறுவன் பாரி. என்றும் வளராத பிள்ளை இறந்த பிள்ளையே. படத்தின் தலைப்பும் அந்நாடகத்தில் பீட்டர் சாவைப் பற்றிச் சொல்லும் சொற்களிலிருந்து எடுக்கப்பட்டதுதான். துணிகரப் பயணம் என்று குதூகலமாக ஒலிக்கும் இத்தலைப்பின் அடியில் சாவு படுத்திருக்கின்றது.

பெயின்பிரிட்ஜ் இந்த நாடகத்தை அலங்காரத்திற்காகத் தேர்ந்தெடுக்கவில்லை. பாரியின் நாடகத்தில் தாயற்ற சிறுவர்கள் இருக்கிறார்கள். இங்கே ஸ்டெல்லா. அங்கே கடற்கொள்ளைத் தலைவன் ஹூக்கை ஒரு முதலை துரத்துகின்றது. அதன் வயிற்றில் ஒரு கடிகாரம் துடிக்கின்றது. இங்கே ஒரு கடிகாரத்தின் குரலுக்குச் சொந்தக்காரியான பெண்ணின் நினைவு ஒரு மனிதரைத் துரத்துகின்றது. ஹூக்கின் முடிவு நீரில். இம்மனிதரின் முடிவும் நீரில். இவை அனைத்திலும் மேலான ஒன்று, குடும்பத் தலைவரான திருவாளர் டார்லிங் வேடத்தையும் ஹூக் வேடத்தையும் ஒரே நடிகர் ஏற்பது 1904 முதலே வந்த மரபு. தந்தையும் கொள்ளையனும் ஒருவரே. குழந்தைகள் அதைக் கவனிப்பதில்லை. கவனித்த குழந்தை அச்சத்தால் உறங்காது.

படத்தில் இவ்விரு வேடங்களையும் ஏற்க வருபவர் பி. எல். ஓஹாரா. ஆலன் ரிக்மன் நடிப்பில் இவர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கும்போதே குழு முழுவதும் நிமிர்ந்து உட்காருகின்றது. முன்னொரு காலத்தில் இதே மேடையில் ஒளிர்ந்தவர். போர் அவரை வடுப்படுத்தியிருக்கின்றது. அதற்கு முன்பே ஒரு காதலின் இழப்பும் அவரை வடுப்படுத்தியிருக்கின்றது. அப்பெண் தமக்கு ஓர் ஆண்மகவைப் பெற்றாள் என்று நம்பி, காணாத அம்மகனை நினைத்தே வாழ்பவர். மெரடித்தைப்போல் அவர் யாரையும் குத்துவதில்லை. மென்மையாகப் பேசுகிறார், கனிவோடு பார்க்கிறார். அவர் ஸ்டெல்லாவிடம் ஈர்க்கப்பட்டு அவளோடு உடலுறவு கொள்கிறார். அவளுக்கோ அவர்மீது காதல் இல்லை. மெரடித்தின் அன்பைப் பெறுமுன் இதையும் கற்றுக்கொண்டால் நன்று என எண்ணுகிறாள். பாடம் கேட்கும் மாணவியின் முகபாவத்தோடு ஜார்ஜினா கேட்ஸ் அக்காட்சிகளில் நடித்திருப்பது காண்போர் நெஞ்சை உறைய வைக்கின்றது. இந்நடிகை முதலில் தம் உண்மைப் பெயரில் தேர்வுக்குச் சென்று மறுக்கப்பட்டு, பின்னர் நடிப்பே அறியாத லிவர்பூல் சிறுமியாகப் புதுப்பெயர் பூண்டு மீண்டும் சென்று வாய்ப்புப் பெற்றவர். வேடத்திற்காக வேடமிட்டவர். ஸ்டெல்லாவும் அதையே செய்பவள்தான்.

பின்னர் ஓஹாரா வெர்னனையும் லில்லியையும் காணச் செல்கிறார். ஸ்டெல்லாவின் தாய் யார் என்பதை அங்கே அறிகிறார். தாம் இழந்த காதலி அவளே. தமக்குப் பிறந்தது மகன் அன்று, மகள். அம்மகள் ஸ்டெல்லா. ஒன்றும் சொல்லாமல் வெளியேறி, மோட்டார் சைக்கிளில் துறைமுகம் சென்று, ஈரப் பலகையில் கால் வழுக்கி, தலையில் அடிபட்டு, நீரில் மூழ்கி இறக்கிறார்.

இதுவே நாம் முன்னர்க் குறிப்பிட்ட திருப்பம். கிரேக்கத் துன்பியலைப் பற்றி எழுதிய அரிஸ்டாட்டில், உண்மையைக் கண்டுகொள்வதும் நிலை தலைகீழாவதும் ஒருங்கே நிகழும் கதையே சிறந்தது என்று கூறி, ஈடிப்பஸ் மன்னன் கதையைச் சான்று காட்டினார். அவ்வளவை வைத்துப் பார்த்தால் இப்படம் ஈடிப்பஸின் இன்னொரு வடிவமாகத் தோன்றும். அறியாமல் செய்த பிழை, அறிந்தவுடன் அழிவு, ஐயோ விதியே என்று நாம் ஓஹாராவுக்காக இரங்கி எழுந்து வருகிறோம். நாமும் முதன்முறை அப்படித்தான் எழுந்து வந்தோம்.

குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்ற நாள்களில் அறியாமையைப் பற்றிய பாடம் ஒன்று இருந்தது. எவ்வளவு முயன்றாலும் நீக்க இயலாத அறியாமை உண்டு. அது குற்றத்தை நீக்கும். முயன்றால் நீங்கக்கூடிய அறியாமை உண்டு. அது நீக்காது. மூன்றாவது ஒன்றையும் புனித தாமஸ் அக்குவினாஸ் பிரித்துக் காட்டுவார். அறிந்தால் விட்டுவிட நேருமே என்பதற்காக, அறியாதிருப்பதையே ஒருவன் விரும்பித் தேர்ந்துகொள்ளும் அறியாமை. அன்று இது தேர்வுக்கான பாகுபாடாகவே நமக்குத் தோன்றியது. இப்படத்தை இரண்டாம் முறை பார்க்கையில்தான் அப்பாடத்துக்கு ஒரு முகம் கிடைத்தது.

ஓஹாரா எதை அறியவில்லை? அவள் தம் மகள் என்பதை அறியவில்லை. மெய்தான். ஆனால் அவள் பதினாறு வயதுப் பெண் என்பதை அறிந்திருந்தார். அவள் குழுவில் யாவருக்கும் இளையவள், யாவருக்கும் தேநீர் கொண்டு தருபவள் என்பதை அறிந்திருந்தார். தாயில்லாதவள் என்பதை அறிந்திருந்தார். அவள் மனம் வேறொருவரிடம் இருக்கின்றது என்பதும் அவருக்கு மறைவன்று. இவ்வளவையும் அறிந்த பின்னரே அவளைத் தொட்டார். இரத்த உறவு வெளிப்படாதிருந்தால் அவருடைய செயல் வெறும் காதலாக நின்றிருக்குமோ? அத்திருப்பம் நம்மை மயக்குவது இங்கேதான். அவள் யாரோ ஒருவருடைய மகள் என்பது முதல் நாளிலேயே அவருக்குத் தெரியும். தம்முடைய மகள் என்று தெரிந்தவுடன்தான் அது அவருக்குத் தாங்கொணாததாகின்றது.

இக்கண்ணோட்டத்தில் நோக்கினால், உல்லாசப் பயணக் காட்சி படத்தின் நெஞ்சமாக மாறிவிடுகின்றது. ஜெஃப்ரி மெரடித்தைக் குத்தியதும், ஸ்டெல்லா கொதித்தெழுந்து, ஜெஃப்ரியை வேலையை விட்டு நீக்க வேண்டும் என்கிறாள். ஓஹாராதான் அவளுக்கு உண்மையை எடுத்துரைக்கிறார். இவ்விளைஞனைச் சிதைத்தவர் மெரடித்தே, இவனைப்போல் பலரைப் பல ஆண்டுகளாகக் காயப்படுத்தியவர் என்கிறார். அவர் சொல்வதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அறச்சீற்றம் அவர் குரலில் நடுங்குகின்றது. சொல்பவர் யாரிடம் சொல்கிறார் என்று பாருங்கள். ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடுங்கிய செல்வனின் கதையைக் கேட்டுத் தாவீது அரசர் சினந்தெழுந்ததை வாசகர் நினைவிற்கொள்ளலாம். அங்கே அம்மனிதன் நீரே என்று சுட்டிக்காட்ட நாத்தான் இறைவாக்கினர் இருந்தார். லிவர்பூல் நாடகக் குழுவில் அப்படி யாரும் இல்லை. மெரடித்தின் தீமை அவ்வளவு பளிச்சென்று தெரிந்தமையால், அதன் அருகே நின்ற ஓஹாராவின் மென்மை நன்மைபோல் தோன்றிற்று. குழுவினருக்கும் தோன்றிற்று. நமக்கும் தோன்றிற்று.

இதை எழுதும்போது நம் நினைவும் நம்மைச் சுடுகின்றது. பல ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய பங்கொன்றில், கிறிஸ்துமஸ் நாடகத்திற்கு இளையோரைப் பயிற்றுவித்தவர் தன் மகளை மட்டும் இரவு நெடுநேரம் நிறுத்தி வைப்பதாக ஒரு தாய் வந்து முறையிட்டார். அவர் நல்ல மனிதர், திறமையானவர், கவலைப்படாதீர்கள் என்று சொல்லி அனுப்பினோம். அவர் உண்மையிலேயே நல்ல மனிதராக இருந்திருக்கலாம். அப்பெண்ணைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்க நமக்குத் தோன்றவே இல்லை. அவ்வாண்டு நாடகம் மிக நன்றாக அமைந்தது. அடுத்த ஆண்டு அப்பெண் நடிக்க வரவில்லை. அதற்கும் நாம் காரணம் கேட்கவில்லை. அக்குவினாஸின் மூன்றாம் பிரிவு நமக்கு நூலில் மட்டும் தெரிந்திருந்தது.

இப்படத்தை நம்மோடு பார்த்த இளம் குரு ஒருவர் ஓர் ஐயத்தை எழுப்பினார். ஸ்டெல்லா ஏமாற்றப்பட்டவள் அல்லளே, அவளே விரும்பிச் சென்றாளே, ஒருவகையில் அவளே அவரைப் பயன்படுத்தினாளே என்றார். அவர் கண்டது சரி. ஸ்டெல்லாவைத் தூய வெண்புறாவாகக் காட்டாதது படத்தின் நேர்மை. அவள் பொய் சொல்கிறாள், இரக்கமின்றிப் பேசுகிறாள், மெரடித்தின் கொடுமைக்கு வக்காலத்து வாங்குகிறாள். எனினும் அவள் கற்றுக்கொண்டது யாரிடமிருந்து? அவளைச் சுற்றியிருந்த பெரியவர்கள் ஒருவரையொருவர் பயன்படுத்துவதையே அன்றாடம் கண்டாள். அதுவே வளர்ந்தோரின் வழக்கம் என்று கொண்டாள். குழு அதற்கு முன் நடிக்கும் பெர்னார்ட் ஷாவின் 'சீசரும் கிளியோபாத்ராவும்' நாடகத்தில் அவளுக்குச் சிறுவன் அரசன் தாலமியின் சிறு வேடம் கிடைக்கின்றது. அந்நாடகத்தில் பதினாறு வயதுக் கிளியோபாத்ராவுக்கு முதியவரான சீசர் அரசாளக் கற்றுத் தருகிறார். அவளை அவர் தீண்டுவதில்லை. மேடைமேல் அப்படி, மேடைக்குப் பின்னே இப்படி. இளம் குரு நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, அப்படியானால் அவள் இசைவு இசைவே ஆகாதா என்று கேட்டார். அவளுடைய இசைவைப் பற்றிப் பேசுமுன் அவருடைய கடமையைப் பற்றிப் பேசுவோம் என்றோம். அக்கேள்வி முற்றும் தீர்ந்ததாக நமக்கும் தோன்றவில்லை.

கதையின் முடிச்சு ஒரு பெயரில் இருக்கின்றது. ஓஹாரா தம் காதலியை அவளுடைய உண்மைப் பெயரால் அறியார். 'ஸ்டெல்லா மாரிஸ்' என்னும் செல்லப் பெயராலேயே அறிந்திருந்தார். கடலின் விண்மீன் எனப் பொருள்படும் இவ்விலத்தீன் பெயர் நம் அன்னை மரியாவுக்குத் திருச்சபை பன்னூறு ஆண்டுகளாகச் சூட்டிவரும் பெயர். நம் கடற்கரைப் பங்குகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கப்பலோட்டிகள் இரவில் கரை காண நோக்கும் விண்மீன். துறைமுக நகரொன்றில் ஒருவன் தன் காதலியை அப்பெயரால் அழைத்தது அழகுதான். ஆயினும் விண்மீனைப் பெயரிட்டுப் பாடியவர், அது எங்கே மறைந்தது என்று தேடிச் செல்லவில்லை. தமக்கு ஒரு மகன் உண்டு என்று நம்பினார். அம்மகன் உண்கிறானா, உறங்குகிறானா என்று கேட்க அந்நகருக்கு இத்தனை ஆண்டுகள் வரவில்லை. வந்ததும் நாடகத்திற்காகவே வந்தார். காணாத மகனைக் கனவில் வளர்ப்பது எளிது. கனவுப் பிள்ளைக்குக் காய்ச்சல் வருவதில்லை. அவர் தேடியிருந்தால் மகளைக் கண்டிருப்பார், தந்தையாகக் கண்டிருப்பார். அவருடைய அறியாமை எத்தகையது என்று நாம் கேட்டதற்கு இங்கே விடை இருக்கின்றது.

அவருடைய சாவைப் படம் விபத்தாக வைத்தது நன்று. ஈடிப்பஸ் தன் கண்களைத் தானே குத்திக்கொண்டு, மக்கள் முன் நின்று தன் பழியை ஏற்றான். ஓஹாராவுக்கு அந்தப் பெருமை தரப்படவில்லை. அவர் ஏற்கவுமில்லை, மறுக்கவுமில்லை, யாரிடமும் அறிக்கையிடவுமில்லை. வழுக்கி விழுந்தார். உண்மை அவரோடு நீருக்குள் போய்விட்டது. ஸ்டெல்லா எதையும் அறியப் போவதில்லை. இது அவளுக்குக் கிடைத்த இரக்கமா, இறுதியாகச் செய்யப்பட்ட அநீதியா என்பதை நம்மால் உறுதியாகச் சொல்ல இயலவில்லை. அவள் வாழ்க்கையைப் பற்றிய பெரிய செய்தி ஒன்றை அவளைத் தவிர மற்றவர்கள் வைத்திருப்பதும், அவள் நலனுக்காகவே மறைப்பதும் அவ்வீட்டில் புதிதன்று.

குறைகள் இல்லாமலில்லை. குழுவில் ஆள்கள் மிகுதி. யார் யாருடைய பழைய காதலர் என்பதை நினைவில் வைத்திருக்கவே பார்வையாளர் பாடுபட வேண்டியுள்ளது. டான் ஆலன்பியின் துயரம் இன்னும் சற்று நேரம் வேண்டி நிற்கின்றது. கேரல் டிரிங்க்வாட்டர் அத்தனை உருக்கமாக நடித்தும், படம் அவரை விரைந்து கடந்து செல்கின்றது. தொடக்கத்தில், குண்டுவீச்சுக்கு அஞ்சிப் பாதுகாப்பிடம் செல்லும் காட்சியினிடையே, கைக்குழந்தையைச் சுற்றி மெழுகுவர்த்திகளை ஏற்றி வைத்து, முத்துமாலையையும் ஒரு ரோசாவையும் தலையணையில் இட்டுத் தாய் பிரிந்து செல்வது மின்னலெனத் தோன்றி மறைகின்றது. அழகான காட்சி. சற்று மிகையழகு. பலிபீடத்தின்மீதும் சவப்பெட்டியைச் சுற்றியும் நாம் ஏற்றும் மெழுகுவர்த்திகளை அது ஒருசேர நினைவூட்டுகின்றது. எனினும் இவ்வளவு கறாரான கதைக்கு அந்த ரோசா தேவையில்லை.

நாவலில் உள்ள ஒரு நிகழ்ச்சியையும் இங்கே குறிப்பிட விரும்புகிறோம். 'பீட்டர் பான்' நாடகத்தில் டிங்கர் பெல் என்னும் தேவதை மேடையில் ஓர் ஒளிப்புள்ளியாகவே தோன்றும். அவ்வொளியைக் கைவிளக்கால் காட்டும் பணி ஸ்டெல்லாவுடையது. நஞ்சுண்டு தேவதை மங்கும்போது, நம்பிக்கையுள்ள குழந்தைகள் கைதட்டினால் அது பிழைக்கும் என்று பீட்டர் அரங்கை நோக்கி வேண்டுவான். ஆண்டுதோறும் எல்லாக் குழந்தைகளும் தட்டுவார்கள். தேவதையும் பிழைக்கும். அன்று ஸ்டெல்லாவின் கையிலிருந்து விளக்கு நழுவி விடுகின்றது. குழந்தைகள் தட்டிக்கொண்டே இருக்கிறார்கள். ஒளி திரும்பவில்லை. தட்டும் ஓசை மெல்லத் தேய்ந்து அரங்கு முழுவதும் அழுகை எழுகின்றது. கைதட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று பிள்ளைகளிடம் சொல்லி வைத்தவர்கள் யார்? அன்றிரவு அவ்வரங்கிலிருந்து எத்தனையோ தந்தையர் அழும் பிள்ளைகளைத் தோளில் சுமந்துகொண்டு வீடு திரும்பியிருப்பர்.

படத்தின் இறுதியில் ஸ்டெல்லா மீண்டும் அத்தொலைபேசிக் கூண்டுக்கு வருகிறாள். பிரிட்டனில் 1936இல் தொடங்கிய பேசும் கடிகாரத்துக்கு மெய்யாகவே தொலைபேசிப் பணிப்பெண்களிடையே போட்டி வைத்துத்தான் குரல் தேர்ந்தெடுத்தார்கள். வென்றவரின் குரலைக் கண்ணாடித் தட்டுகளில் பதிந்து வைத்தார்கள். நம் நாட்டிலும் அத்தகைய சேவை இருந்ததை மூத்த வாசகர்கள் அறிவர். நேரம் கேட்க அழைப்போம், கேட்டதும் வைத்துவிடுவோம். அக்குரலுக்கு யாரும் மறுமொழி சொன்னதில்லை. ஸ்டெல்லா சொல்கிறாள். நடந்த துயரத்தையெல்லாம் அக்குரலிடம் கொட்டுகிறாள். அவள் பேசப் பேச, அவள் தாய் இடைமறிக்காமல், கடிந்துகொள்ளாமல், தெளிவான இனிய உச்சரிப்பில் அடுத்த பத்து நொடியை அறிவிக்கிறாள். மகளையும் அப்படித்தான் பேசப் பழக்க வேண்டும் என்று மாமா வெர்னன் காசு கொடுத்துப் பயிற்சிக்கு அனுப்பியிருந்தார்.